காப்டன் லட்சுமி: சென்னை முதல் கான்பூர் வரை

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மவர் இல்லங்களில், குடும்பத் தலைவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும் காலம் நெருங்கும்போது ஒரு கேள்வி எழுவது வழக்கம். இனி ஊருக்குத் திரும்பிவிடுவதா, இங்கேயே இருந்துவிடுவதா என்பதே அது. முப்பது நாற்பது ஆண்டுகள் ஒரு நகரில் உழைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, அவர்களுக்கு மணமும் முடித்த பின்னரும், அந்நகரை 'வந்த இடம்' என்றே நாம் குறிப்பிடுகிறோம். பிறந்த ஊரிலோ நம்மைப் பெயர் சொல்லி அழைப்பவர் அருகிவிட்டனர். இரண்டுக்கும் நடுவே மனம் ஊசலாடுகிறது. இக்கேள்விக்குச் சொல்லால் அன்றித் தம் வாழ்வாலேயே விடை தந்த சென்னைப் பெண்மணி ஒருவரின் வரலாற்றை, இம்மாதம் நேயர்களுடன் அமர்ந்து ஒருமுறை திரும்பிப் பார்க்க விரும்புகிறோம்.

காப்டன் லட்சுமி என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது சீருடையும் துப்பாக்கியுமாக நிற்கும் ஓர் இளம்பெண்ணின் படமே. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் மகளிர் படைக்குத் தலைமை தாங்கியவர் என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் 97 ஆண்டுகள் நீண்ட அவ்வாழ்வில் அவர் படைத்தொழிலில் இருந்தது ஏறக்குறைய 2 ஆண்டுகளே. எஞ்சிய காலத்தின் பெரும்பகுதியை, அதாவது 65 ஆண்டுகளை, அவர் கங்கைக் கரையிலுள்ள கான்பூரில் மருத்துவராகக் கழித்தார். அந்த இரண்டு ஆண்டுகளையும் இந்த அறுபத்தைந்து ஆண்டுகளையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தால்தான் அவ்வாழ்வின் பொருள் நமக்கு விளங்கும்.

லட்சுமி 1914-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் எஸ். சுவாமிநாதன் சென்னை உயர்நீதிமன்றத்தில் பெயர் பெற்ற வழக்கறிஞர், தமிழர். தாயார் அம்மு, பாலக்காட்டுச் சீமையின் ஆனக்கரையைச் சேர்ந்த மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். ஆகவே, இரண்டு மொழிகளும் இரண்டு மரபுகளும் கலந்த இல்லத்தில் அவர் வளர்ந்தார். வெளிமாநிலங்களில் வளரும் நம் குழந்தைகளுக்கு இந்நிலை புதிதன்று. தாயார் அம்மு சுவாமிநாதன் காங்கிரஸ் இயக்கத்தில் ஈடுபட்டு, பின்னர் அரசியல் நிர்ணய சபையிலும், 1952-இல் திண்டுக்கல் தொகுதியின் சார்பில் மக்களவையிலும் அங்கம் வகித்தார். தங்கை மிருணாளினி நாட்டியக் கலைஞராகி, விக்ரம் சாராபாயை மணந்து, அகமதாபாத்தில் 1949-இல் 'தர்ப்பணா' என்னும் கலைக்கூடத்தை நிறுவினார். சகோதரியர் இருவருமே பிறந்த ஊருக்கு வெளியே தம் வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர்கள் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அவருடைய குழந்தைப் பருவத்திலிருந்து ஒரு நிகழ்ச்சியை அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். விடுமுறை நாட்களில் ஆனக்கரையிலுள்ள பாட்டியார் வீட்டிற்குச் செல்வது வழக்கம். சுற்றிலும் உள்ள காடுகளில் வாழ்ந்த எளிய மக்களின் நிழல் பட்டாலும் தீட்டு என்று கருதப்பட்ட காலம் அது. சிறுமி லட்சுமி ஒருநாள் அம்மக்களுள் ஒரு சிறுமியிடம் நேரே சென்று, அவள் கையைப் பற்றி விளையாட அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். பாட்டியாருக்குக் கடுங்கோபம். பேத்தியும் விட்டுக்கொடுக்கவில்லை. அக்காலத்தில் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ குழந்தைகள் இத்தகைய ஆசையை மனத்துக்குள்ளேயே அடக்கிக்கொண்டிருப்பார்கள். இக்குழந்தை அடக்கிக்கொள்ளவில்லை. விலக்கப்பட்டவரின் கையைத் தொடுவதே பின்னாளில் அவருடைய தொழிலாக அமைந்தது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1938-இல் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றார்; பின்னர் மகப்பேற்று மருத்துவத்திலும் பட்டயம் பெற்றார். மக்கள் வழக்கில் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று வழங்கும் திருவல்லிக்கேணி மகளிர் மருத்துவமனையில் சிலகாலம் பணியாற்றினார். முதல் மணவாழ்வு முறிந்துபோன நிலையில், 1940-இல் அவர் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். அங்கே அவர் திறந்த மருத்துவ நிலையத்திற்கு வந்தவர்களுள் பலர், பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த இந்தியத் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள். சென்னையில் ஒரு வழக்கறிஞரின் மகளாக இருந்தவர், சிங்கப்பூரில் தாமும் ஒரு குடிபெயர்ந்தவராகி, குடிபெயர்ந்தோரின் நோயைத் தீர்க்கத் தொடங்கினார்.

1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. காயமுற்ற போர்க்கைதிகளுக்குச் சிகிச்சை செய்வதில் அவருடைய நாட்கள் கழிந்தன. 1943 ஜூலை 2-ஆம் நாள் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரை வந்தடைந்தார். ஒரு வாரத்துக்குள் நடைபெற்ற பெருங்கூட்டத்தில், பெண்களும் ஆயுதம் ஏந்த முன்வரவேண்டும் என்று அவர் அழைப்பு விடுத்தார். டாக்டர் லட்சுமி இருபது பெண்களைத் திரட்டி, சில நாட்களிலேயே போஸுக்குத் துப்பாக்கி ஏந்திய மரியாதை அணிவகுப்பு அளித்தார். ஜான்சி ராணி படையின் தோற்றம் அதுவே. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அமைக்கப்பட்ட சுதந்திர இந்திய தற்காலிக அரசில் மகளிர் துறை அவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. அமைச்சரவையில் இடம்பெற்ற ஒரே பெண்மணி அவரே. படையில் அவர் பின்னர் கர்னல் பதவி வரை உயர்ந்தபோதிலும், மக்கள் நாவில் முதலில் படிந்த 'காப்டன்' என்ற பெயரே இறுதிவரை நிலைத்துவிட்டது.

அப்படையில் சேர்ந்த பெண்கள் யாவர் என்பதை நம் இளைய தலைமுறையினர் அறியவேண்டும். அவர்களுள் பெரும்பாலோர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். கங்காணிமார் திரட்டிச் சென்ற தொழிலாளரின் மக்கள். அதிகாலை இருளில் எழுந்து பால்மரம் சீவச் சென்றவர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பலர் இருந்தனர். அவர்களோடு கோலாலம்பூர் போன்ற நகரங்களின் வசதி படைத்த வீட்டுப் பெண்களும் தோளோடு தோள் நின்றனர். 18 வயதில், தந்தையார் தயங்கியபோதும் படையில் சேர்ந்த ஜானகி என்னும் தமிழ்ப்பெண், பின்னர் ஜானகி ஆதிநாகப்பன் என்ற பெயரில் மலேசியப் பொதுவாழ்வில் புகழ்பெற்று, 2000-ஆம் ஆண்டில் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதையும் பெற்றார்.

இப்பெண்களுள் பலர் மலாயாவிலேயே பிறந்தவர்கள். எந்த நாட்டின் விடுதலைக்காக அவர்கள் துப்பாக்கி ஏந்தினார்களோ, அந்த நாட்டை அவர்கள் கண்ணால் கண்டதில்லை. தாய் சொன்ன கதையிலும் பாட்டி பாடிய தாலாட்டிலும் மட்டுமே அது அவர்களுக்குக் கிடைத்திருந்தது. அணிவகுப்புக் கட்டளைகள் இந்துஸ்தானியில் அமைந்திருந்தன. வீட்டில் தமிழ் தவிர வேறு பேசியறியாத பெண்கள் அம்மொழியைக் கற்றுக்கொண்டனர். வடநாட்டுக்கு வந்த புதிதில் கடைவீதியில் நின்று எண்களைத் தடுமாறிச் சொன்ன அனுபவம் உள்ள நம் தாய்மார்களுக்கு, அதன் அருமை பிறர் சொல்லாமலே புரியும்.

மற்றொரு செய்தியையும் மறைக்காமல் சொல்வதே முறை. எந்த ஜப்பானியரின் துணையுடன் இந்திய தேசிய இராணுவம் இயங்கியதோ, அதே ஜப்பானியர் சயாம்-பர்மா இரயில் பாதை அமைக்க மலாயாவின் தோட்டத் தமிழரை ஆயிரம் ஆயிரமாகக் கொண்டுசென்றனர். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பசியாலும் அங்கே மடிந்த தமிழர் பல்லாயிரவர். ஒரே தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து மகள் விடுதலைப் படைக்கும் தந்தை மரண இரயில் பாதைக்கும் சென்ற காலம் அது. அந்நாளைய வரலாற்றைப் பெருமிதத்தோடு மட்டும் பேசிவிட்டு நகர்ந்துவிட முடியாது. துயரத்தையும் உடன்வைத்தே பேசவேண்டியிருக்கிறது.

படை பர்மாவுக்குச் சென்றது. 1944-இல் நடைபெற்ற இம்பால் படையெடுப்பு தோல்வியில் முடிந்தது. ராணி படையினர் போர்முனையில் நேருக்கு நேர் பொருதும் நிலை வரவில்லை. ஆயினும் பசியாலும் மலேரியாவாலும் நலிந்து திரும்பிய வீரர்களுக்கு மருத்துவமனைகளில் பணிவிடை செய்யும் கடமை அவர்கள்மேல் விழுந்தது. 1945 ஏப்ரலில் போஸ் இரங்கூனை விட்டு நீங்கினார். லட்சுமி பர்மாவிலேயே இருந்து, மே மாதத்தில் பிரிட்டிஷ் படையினரால் கைதுசெய்யப்பட்டார். 1946 மார்ச் மாதம் வரை பர்மாவில் காவலில் வைக்கப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்.

அதற்குள் டில்லிச் செங்கோட்டையில் இந்திய தேசிய இராணுவ அதிகாரிகள்மீது நடந்த வழக்கு நாட்டையே உலுக்கியிருந்தது. ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சைகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவருக்கும் வாழ்நாள் நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. மக்களின் கொதிப்பைக் கண்ட தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அத்தண்டனையை நீக்க, 1946 ஜனவரியில் அவர்கள் விடுதலை பெற்றனர். அம்மூவருள் ஒருவரான பிரேம் சைகலை, லட்சுமி 1947 மார்ச் மாதம் லாகூரில் மணந்தார். அதன்பின் இருவரும் கான்பூரில் குடியேறினர். பிரேம் சைகல் அங்கே ஒரு துணி ஆலையில் பணியேற்றார்.

இந்த இடத்தில் நேயர்கள் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். நாடு முழுவதும் பெயர் பரவிய ஒரு பெண்மணி அப்போது 32 வயதினர். மேடைகள் காத்திருந்தன. மாலைகள் காத்திருந்தன. பழைய வீரச்செயலைச் சொல்லிச் சொல்லியே எஞ்சிய நாட்களைக் கழித்திருக்கலாம். அப்படிக் கழிப்பதைக் குற்றமென்று எவரும் சொல்லியிருக்கமாட்டார். ஆலைப் புகையும் தோல் பதனிடும் தொழிலும் நிறைந்த, உறவினர் எவருமற்ற ஒரு நகரில் அவர் மருத்துவப் பெட்டியைத் திறந்தார். 1947-இல் நாடு இரண்டாகப் பிரிக்கப்பட்டு, உடைமையனைத்தையும் இழந்தவர்கள் கான்பூருக்கு வந்து குவிந்தபோது அவர்களுக்குச் சிகிச்சை செய்தார். இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் அஞ்சிய அந்நாட்களில், இரு சாராரும் நம்பி வந்த மருத்துவராக விளங்கினார். சிங்கப்பூரில் தோட்டத் தொழிலாளியின் மனைவிக்குப் பேறு பார்த்த அதே கை, கான்பூரில் அகதியின் மனைவிக்கும் ஆலைத் தொழிலாளியின் மனைவிக்கும் பேறு பார்த்தது. இடையில் வந்த படைத்தொழில் அவரைத் தம் பாதையிலிருந்து விலக்கவில்லை என்பதே நம் கருத்து. போர்க்களத்துக்கு அவரை அழைத்துச் சென்றதும், பிரசவ அறைக்கு அவரை அழைத்துச் சென்றதும் ஒரே இரக்கந்தான்.

1971-இல் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் வெள்ளமெனப் புகுந்தபோது, மருத்துவர் வேண்டும் என்ற அழைப்பைக் கேட்டு அவர் எல்லைப்புற முகாம்களுக்குச் சென்று வாரக்கணக்கில் தங்கிப் பணியாற்றினார். அதே காலத்தில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியிலும் சேர்ந்தார். 1981-இல் சென்னையில் நடந்த மாநாட்டில் உருவான அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். அவருடைய அரசியலை நம் நேயர்களுள் சிலர் ஏற்பர், சிலர் ஏற்கமாட்டார். அது அவரவர் உரிமை. 1984 டிசம்பரில் போபால் நகரில் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது, 70 வயதான அம்மையார் ஒரு மருத்துவக் குழுவை அழைத்துச் சென்றார். கருவுற்ற தாய்மார்களை அந்நஞ்சு எவ்வாறு நெடுங்காலம் வருத்துகிறது என்பது குறித்தும் பின்னர் ஆராய்ந்து எழுதினார்.

அதற்குச் சில வாரங்கள் முன்னர் நிகழ்ந்த ஒன்றைத் தனியே குறிப்பிட விரும்புகிறோம். 1984 அக்டோபர் 31-ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, வடநாட்டு நகரங்கள் பலவற்றில் சீக்கியர்மீது கொலைவெறித் தாக்குதல் நடந்தது. கான்பூரும் அதற்கு விலக்கன்று. அம்மையார் தம் மருத்துவமனை இருந்த தெருவில் இறங்கி நின்று, வந்த கும்பலை எதிர்த்துப் பேசி, அக்கம்பக்கத்துச் சீக்கியர் வீடுகளும் கடைகளும் தாக்கப்படாமல் காத்தார். அன்று அவர் கையில் துப்பாக்கி இல்லை. அத்தெருவில் முப்பத்தேழு ஆண்டுகளாகப் பிள்ளைப்பேறு பார்த்துவந்த மருத்துவர் என்னும் மதிப்பு ஒன்றே இருந்தது. அக்கும்பலுக்கு முன்னால் அவர் வெளியூர்க்காரராக நிற்கவில்லை. அத்தெருவின் மூத்தவராக நின்றார். ஊர் ஒருவருக்குச் சொந்தமாவது பட்டாவினாலும் வாக்காளர் பட்டியலினாலும் மட்டுமன்று. அதன் கெட்ட நாளில் நடுத்தெருவில் இறங்கி நிற்பதனாலும் ஆகும்.

1998-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. 2002-இல் இடதுசாரிக் கட்சிகளின் சார்பில் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். எதிரே நின்றவர் இராமேசுவரத்தில் பிறந்த ஏ. பி. ஜே. அப்துல் கலாம். முடிவு முன்னரே தெரிந்த போட்டிதான். கலாம் பெருவாரியாக வென்றார். ஆயினும் நாட்டின் மிக உயர்ந்த பதவிக்குப் போட்டியிட்ட இருவருமே தமிழ் மண்ணில் பிறந்து, தமிழகத்துக்கு வெளியே உழைத்துப் பெயர் பெற்றவர்கள் என்பதில் நமக்கு ஒரு நிறைவு உண்டு. தேர்தல் முடிந்ததும் 87 வயது மருத்துவர் தம் நோயாளிகளிடம் திரும்பினார். 2006-லும், தொண்ணூறைக் கடந்த பின்னரும், அவர் மருத்துவமனைக்கு வந்து நோயாளிகளைப் பார்த்துவந்தார். 2012 ஜூலை 23-ஆம் நாள் கான்பூரிலேயே காலமானார். அவர் விருப்பப்படி உடல் அந்நகரின் மருத்துவக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பாடம் கற்றவர், கான்பூர் மருத்துவக் கல்லூரி மாணவருக்குத் தாமே பாடமானார்.

அம்மையாரின் வாழ்வு நூல்களிலும் பேட்டிகளிலும் பதிவாகியிருப்பதால் நாம் இவ்வளவும் சொல்ல முடிகிறது. அவரோடு அணிவகுத்து நடந்த தோட்டத்துப் பெண்களைப் பற்றி எத்தனை பக்கங்கள் உள்ளன? போர் முடிந்ததும் அவர்களுள் பலர் மீண்டும் அதே தோட்டத்துக்கு, அதே பால்வாளிக்குத் திரும்பினார்கள். மணந்தார்கள், பிள்ளை பெற்றார்கள், மூப்படைந்தார்கள். தம் வாழ்வைக் கதையாகச் சொல்லும்படி அவர்களைக் கேட்டவர் மிகச் சிலரே. கேட்பார் இல்லாததால், அவர்கள் கண்ட பர்மாக் காடும் அவர்கள் கற்ற இந்துஸ்தானிக் கட்டளையும் அவர்களோடு மண்ணுக்குள் போய்விட்டன.

நம் சங்கத்துக் குடும்பங்களில் இவ்விழப்பு இன்றும் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. 1962-லோ, 1965-லோ, 1971-லோ சீருடை அணிந்திருந்த பெரியவர்கள் பலர் நம் வீடுகளில் இருக்கிறார்கள், அல்லது அண்மையில் மறைந்திருக்கிறார்கள். படையிலிருந்து ஓய்வு பெற்றபின் வங்கியிலோ, ஆலையிலோ, அரசு அலுவலகத்திலோ இரண்டாம் உத்தியோகம் பார்த்து, இந்நகரிலேயே தங்கிவிட்டவர்கள் அவர்கள். பேரப்பிள்ளைகள் அவர்களை 'தாத்தா' என்று மட்டுமே அறிவார்கள். எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தார், எந்த வயதில் இரயிலேறினார், முதல் சம்பளம் எவ்வளவு, எந்தப் பனிமலையில் காவல் நின்றார், சீருடையைக் கழற்றிய அடுத்த நாள் காலையில் என்ன செய்தார் என்று கேட்டால் பதில் சொல்லக் காத்திருக்கிறார்கள். நாம் கேட்பதில்லை.

ஆகவே நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறை நாளில் வீட்டிலுள்ள இளைஞர் ஒருவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பெரியவர் அருகில் அமரட்டும். குழந்தைப் பருவத்திலிருந்து தொடங்கட்டும். வீரச்செயல்களை மட்டும் கேளாமல், சாதாரண நாட்களைப் பற்றியும் கேட்கட்டும். பழைய புகைப்படங்களின் பின்புறத்தில் ஊரையும் ஆண்டையும் நிற்பவர் பெயரையும் எழுதி வைக்கட்டும். பாட்டியையும் விட்டுவிடலாகாது. கணவர் எல்லையில் இருந்தபோது, மொழி தெரியாத ஊரில் கைக்குழந்தையோடு குடும்பம் நடத்திய அவர்களுடைய வரலாறும் படைத்தொழிலின் ஒரு பகுதியே.

அவ்வாறு எழுதி முடித்தபின், ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே இருப்பதா என்னும் கேள்வியைக் குடும்பத்தார் மீண்டும் எடுத்துப் பேசட்டும். சிலர் திரும்புவார்கள், அது நல்லதே. தங்குபவர்கள், கான்பூரில் தங்கிய அம்மையாரைப்போல், அத்தெருவில் தம்மை நாடி வருவோர் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்த்துத் தங்கட்டும்.